அது குறட்டை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவுக்கு 62 வயது. பார்க்கின்சன் என்று மாத்திரை சாப்பிட்டு வந்தார், இப்போது எம்.எஸ்.ஏ. (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்ற நரம்புச் சிதைவு நோய்) என்கிறார்கள். ராத்திரி மூச்சை இழுக்கும்போது ‘கீ’ என்று சத்தம் வருகிறது. குறட்டைதான் என்கிறார் அம்மா. ஈ.என்.டி. டாக்டரும் தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். தூக்கத்தில் கை காலை உதறுகிறாரே என்று மெடிக்கலில் கேட்டு குளோனாசெபம் பாதி மாத்திரை கொடுக்கிறோம். ஆக்சிஜன் மெஷின் வாங்கலாமா? மூச்சுப்பயிற்சி உதவுமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரர் சொன்னார் என்று இந்த நோய்க்காரருக்குக் குளோனாசெபம் போன்ற தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அது தொண்டைத் தசைகளைத் தளர்த்தும். மூச்சு அடைத்தால் விழித்துக்கொள்வதையும் மந்தமாக்கும். தினமும் கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். நாளைக்கே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். உதறலுக்கு மெலடோனின் (தூக்க ஹார்மோன்) தரலாமா என்றும் அவரையே கேளுங்கள்.

மூச்சுப்பயிற்சி தூங்குகிறவருக்கு உதவாது, விடுங்கள்.

அந்த ‘கீ’க்கு வருவோம். குறட்டை உள்நாக்கும் அண்ணமும் அதிர்வதால் வருவது. கரகரவென்று தாழ்ந்து கேட்கும். உங்கள் அப்பாவுடையது ஸ்ட்ரைடர் போலத் தெரிகிறது. மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய குரல்நாண்கள் நெருங்கி நிற்க, அந்த இடுக்கில் காற்று கீச்சிடும். நாண்களைத் திறக்கும் தசை ஒரு ஜோடிதான், மூடுபவை பல. எம்.எஸ்.ஏ.வில் தூக்கத்தில் மூடுபவை மேலோங்கிவிடலாம். விழித்திருக்கும்போது அதே நாண்கள் ஒழுங்காக அசையலாம். பகலில் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றது அதனால் இருக்கலாம்.

அதனால் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ‘ஒரு மாதிரி சத்தம்’ என்று வாயால் சொன்னால் குறட்டை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு போனை ஒரு கை தூரத்தில் வையுங்கள். ஃபேன் ஓடினால் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். வீடியோவாக எடுங்கள். மார்பும் கழுத்தும் தெரிய வேண்டும், போர்வை விலகியிருக்க வேண்டும். சத்தம் மூச்சு இழுக்கும்போதா விடும்போதா, தொண்டைக்குழி உள்ளே குழிகிறதா என்பது அதில்தான் தெரியும். தூங்கிய முதல் மணியில் ஐந்து நிமிடம், விடியற்காலையில் ஐந்து நிமிடம், மல்லாந்தும் ஒருக்களித்தும். சத்தம் நின்றதும் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அம்மா நினைக்க வேண்டாம். மார்பைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவோடு, ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கப் படுக்கவைத்து வீடியோவுடன் செய்யும் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொள்ளும் வீட்டுப் பரிசோதனை இதற்குப் போதாது. ஆக்சிஜன் மெஷின் அடைபட்ட வழியைத் திறக்காது; ஆக்சிமீட்டரில் எண் மட்டும் அழகாக இருக்கும். வழியைத் திறந்து வைப்பது சிபேப்பின், அதாவது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவியின், காற்றழுத்தம். அதையும் ஆன்லைனில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வைக்கலாம். எது பொருந்தும் என்பதைப் பரிசோதனையில்தான் பார்க்க வேண்டும். குரல்வளையின் மேல்மூடி (எபிகிளாட்டிஸ்) தொளதொளவென்று இருப்பவருக்கு அழுத்தம் கூடினால் அடைப்பும் கூடும்.

அதுவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அம்மாவும் நீங்களும் ராத்திரியை முறைபோட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒருவரே எத்தனை நாள் விழித்திருப்பார்? விழித்திருக்கும்போதும் அந்தக் ‘கீ’ கேட்டால் அப்பாயிண்ட்மெண்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் பேச்சு அங்கே வரலாம். அது குரல்நாண் அடைப்பைத் தாண்டிக் காற்றைக் கொண்டுபோகும். மூளையே மூச்சை மறக்கும் வகை நிறுத்தம் அதற்குப் பிறகும் இருக்கலாம். இரண்டையும் டாக்டரிடம் கேட்டு, அப்பா தெளிவாகப் பேசும்போதே அவர் விருப்பத்தையும் கேட்டுவையுங்கள்.