காயப்பட்ட ஆண்கள் இன்னோர் ஆணின் காதலால் தேறிவரும் கதைகளை ஏன் இத்தனை பேர் படிக்கிறார்கள்? நிஜத்தில் அப்படி நடக்குமா?

இந்த மாதிரி நாவல்களை நூற்றுக்கும் மேல் படித்திருக்கிறேன். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் கைபேசியில். பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை பூட்டிய பிறகு பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரம்தான் வாசிப்பு. அட்டையில் சட்டை போடாத ஆள் நிற்பான் என்பதால் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது பழகிவிட்டது. ஏன் படிக்கிறார்கள் என்பதற்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். நிஜத்தில் நடக்குமா என்றால், ஒரே ஓர் ஆளை வைத்துத்தான் சொல்வேன்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். போரிலிருந்து திரும்பிய சிப்பாய், இல்லை தீயணைப்பு வீரன், இல்லை சின்ன வயதில் அப்பனிடம் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவன். தூங்க மாட்டான், பேச மாட்டான், பின்னாலிருந்து யாராவது தொட்டால் துள்ளி விழுவான். தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மலை ஊருக்கு வந்து சேர்வான். அங்கே ரொட்டிக்கடைக்காரனோ மாட்டு வைத்தியனோ ஒருத்தன் இருப்பான். பனி கொட்டிப் பாதை அடைபடும். ஒரே வீடு, ஒரே கட்டில், அப்புறம் என்ன! முக்கால் புத்தகம் தாண்டுகிற இடத்தில் ஒரு சண்டை வந்து பிரிவார்கள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். சேராவிட்டால் வாசகர்கள் எழுதியவரைச் சும்மா விடமாட்டார்கள்.

எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் நிறைய. ஜப்பானில் 1970களில் சிறுமிகளுக்கான படக்கதைகளில் ஆணுக்கு ஆண் மேல் வரும் காதலை வரைந்தவர்களும் பெண்கள்தான். அது இன்றைக்குத் தாய்லாந்து சீரியல் வரை வந்து நிற்கிறது. எங்கள் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண் அந்த சீரியல் ஒன்றையும் விடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கதை சொல்லும். நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வேன். அதற்கு ஏன் பிடிக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “அந்தப் பையன் காய்ச்சல்ல கெடக்கான் சார், இவன் கஞ்சி வச்சு ஊட்டுறான். எங்க வீட்ல எந்த ஆம்பளை சார் யாருக்குக் கஞ்சி வச்சான்?” என்றது. இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டுமா?

எனக்குப் பிடித்தது வேறு. முடிவு. நான் வளர்ந்த காலத்தில் என் மாதிரி ஆளைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைத்தது மாலைப் பத்திரிகையில் குற்றச் செய்திப் பக்கம் மட்டும். அதில் ஒருத்தன் செத்திருப்பான், இல்லையென்றால் ஒருத்தன் கைதாகியிருப்பான். இப்போது ‘தன்பாலீர்ப்பு’ என்று மரியாதையான சொல் வந்திருக்கிறது. அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பாடம்தான் ஞாபகம் வருகிறது, பரவாயில்லை. ஈ. எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913-14இல் ‘மாரிஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். இரண்டு ஆண்கள் கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. இறந்ததற்கு அடுத்த வருஷம், 1971இல்தான் வந்தது. கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஒரு நல்ல முடிவு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சட்டை போடாத அட்டைப்படப் புத்தகத்தைக் கேலி செய்ய நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

சரி, நிஜத்துக்கு வருகிறேன்.

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரில் எல்லார் முன்னாலும் நான் கூப்பிடுவது ‘அண்ணே’. வேறு மாதிரியும் கூப்பிடுவதுண்டு, அதை இங்கே எழுதுவதாக இல்லை. சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டில் தகடு வைத்துக்கொண்டு 2013இல் ஊர் திரும்பினார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் செவ்வாய் தோஷம் எங்களைக் காப்பாற்றியது. ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, நன்றி உண்டு.

என் காயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன். 2009இல் வீட்டில் விஷயம் தெரிந்து, ‘மாற்றித் தருகிறேன்’ என்ற ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அங்கே தந்த மாத்திரையில் மூன்று மாதம் நாக்கு குழறிக் கிடந்தேன். அப்படி மாற்றப் பார்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2021 ஜூனில். என் கணக்குக்குப் பன்னிரண்டு வருஷம் தாமதம்.

2018 செப்டம்பர் 6, ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று 377ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பு வந்த அன்றைக்குக் கடையில் யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. போனில் பார்த்துவிட்டு அவருக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “சரி, மோட்டாரு ஓடுது, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார். நாவலாக இருந்தால் அங்கே மழை பெய்திருக்கும்.

மழை அப்புறம் வந்தது. நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர் மேலாகத்தான் போனது. அவர் தோப்பு இரண்டு ஏக்கர், 143 தென்னை. விடிந்து பார்த்தபோது ஒன்பது நின்றது. அப்பா வைத்த மரங்கள். அந்த மரங்களை நம்பித்தான் கடைமடையில் தண்ணீர் வராத வருஷங்களையும் ஓட்டினார்கள். அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. பட்டா அவருடைய அண்ணன் பேரில், அந்த அண்ணன் சிங்கப்பூரில். அந்த அலைச்சலைச் சொன்னால் இந்தப் பதில் முடியாது.

மின்சாரம் வர வாரக்கணக்கானது. அவர் பேச்சு வர அதைவிட நாளானது. பகலெல்லாம் மர அறுவைக்காரர்களோடு நிற்பார். ராத்திரி கொஞ்சம் காற்று வீசினாலும் எழுந்து தோப்புக்குப் போய்விடுவார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். அடிமரங்கள் மட்டும் கிடக்கிற இடத்தில், இருட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். மட்டை ஓசை வருகிறதா என்று கேட்கிறார்போல. நான் பத்தடி தள்ளி நிற்பேன். கட்டிப்பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் கட்டிப்பிடித்தால் அவர் என்னைத் தள்ளிவிட்டிருப்பார்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். ஒருநாள் மோட்டார் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டினேன். “தேதி முடிஞ்சுபோச்சுண்ணே, கம்பெனிக்குத் திருப்பணும்” என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுவந்து பூட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாதம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று, “அன்னைக்கு அந்த மருந்துக்கெல்லாம் தேதி முடியல, நானும் பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். நான் படித்த அத்தனை நாவல்களிலும் இதற்கு ஈடாக ஒரு காதல் வசனம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாவல்களோடு எனக்குச் சண்டை வருகிற இடமும் இதுதான். அவற்றில் முத்தம் மாத்திரை வேலையைச் செய்துவிடும். ஏழெட்டு வருஷமாகத் தூங்காதவன், இவன் தோளில் சாய்ந்ததும் காலை பத்து மணி வரை குறட்டை விடுவான். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. அவரைத் தூங்கவைத்தது மாத்திரை. தஞ்சாவூரில் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஒன்றரை வருஷம். காதலுக்கு இருந்த வேலை காலை ஆறு மணி ஒரத்தநாடு வழி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிப்பது, ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பது, “இன்னைக்கு வேணாம்டா” என்கிற ஆளிடம் “வர்ற வழியில அசோகா அல்வா வாங்கித் தர்றேண்ணே” என்று பேரம் பேசுவது. கேள்வி கேட்டவர் யாரையாவது மனதில் வைத்துக் கேட்டிருந்தால், காதல் சரியாக்கிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்களுக்கு அந்தக் காலத்தில் அது இல்லை.

இன்னொரு சண்டை அந்தப் பனி வீடு. இரண்டு பேரும் தனியாக இருந்தால்தான் அங்கே எதுவும் நடக்கிறது. டெல்டா கிராமத்தில் தனிமைக்கு எங்கே போவது? நான் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினேன் என்று டீக்கடைக்குத் தெரியும். ஆனால் ஒன்று, இரண்டு ஆண்கள் ஒரே வண்டியில் போகலாம், ஒரே திண்ணையில் படுக்கலாம், புது ஆற்றில் ஒரே சோப்பைப் போட்டுக் குளிக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘கூட்டாளி’ என்ற சொல் அவ்வளவு பெரிய போர்வை. அதற்குள்ளேயே மூச்சு முட்டவும் செய்யும், அது வேறு கதை.

சங்கப் பாட்டில் எங்கள் வயல் நிலத்துக்கு, மருதத்துக்கு, வகுத்துக் கொடுத்திருப்பது ஊடல். திரும்பி வந்தவன் வாசலில் நிற்பான். உள்ளே விடலாமா கூடாதா என்பது தோழியின் கையில். வாயில் மறுத்தல் என்பார்கள். அந்த ஆங்கில நாவல்களின் முக்கால்பங்குச் சண்டையில் எனக்கு எப்போதும் குறைவதாகத் தோன்றுவது இந்த வாசல்காரிதான். அங்கே இரண்டு பேரும் தாங்களே பிரிந்து தாங்களே சேர்ந்துகொள்கிறார்கள். எங்கள் கதையில் வாசலில் இருந்தவர் அவர் அம்மா. நான் பெரியம்மா என்பேன். புயலுக்குப் பிறகு ஒருநாள் என்னை நிறுத்தி, “நீ வந்தாத்தான் அவன் ரெண்டு வாய் திங்கிறான். ராத்திரி இங்கனயே படுத்துக்க, பாயி எடுத்துப் போட்டுருக்கேன்” என்றார். இரண்டு பாய். அதற்கு முன்னாலும் பின்னாலும் எதையும் கேட்டதில்லை. பெரியம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை வாக்குவாதம். எனக்கென்னவோ தெரியும் என்றுதான் படுகிறது. தெரியாத அம்மா யாராவது தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே கரை வேட்டி எடுப்பாரா?

போன வருஷம் எனக்கு டெங்கு வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படிவத்தில் ‘நோயாளிக்கு உறவு’ என்று ஒரு கட்டம். அவருக்கு எழுத்து மெதுவாக வரும், மணிக்கட்டுத் தகடு வேறு. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க நான் படுத்தபடி பார்த்தேன். பேனாவை வைத்து யோசித்துவிட்டு ‘சொந்தம்’ என்று எழுதினார். நர்ஸ், “சொந்தம்னா என்ன முறை?” என்று கேட்டது. “சொந்தம்தாம்மா” என்றார். அந்தப் பெண்ணுக்கு இருபது படுக்கை. விட்டுவிட்டது.

ஆக, நடக்குமா என்றால் கொஞ்சம் நடக்கும். அவர் முழுக்கத் தேறவில்லை. நவம்பர் மாதம் வானிலை அறிக்கை ஓடும்போது டிவியை நிறுத்திவிட வேண்டும். 2020இல் வைத்த குட்டை ரகக் கன்றுகள் இப்போது காய்க்கின்றன, ஆனால் பழைய நெட்டை மரத்துக் காயின் பருப்பு இதில் இல்லை என்று ஒவ்வொரு காயை உரிக்கும்போதும் திட்டுவார்.

அந்த நேரத்தில்தான் நான் அவருக்கு நாவல் கதைகளைச் சொல்வது. அவர் கேட்கிற கேள்விகள் எந்த விமர்சகருக்கும் வராது. “அந்த வெள்ளக்காரன் பனியில மாட்டிக்கிட்டான்ங்கிற, சரி. இவனுக்கு மாடு இருக்குன்னு சொன்னியே, அத யாரு பாத்துக்கிறா?” இப்போது ஓடுகிற கதையில் ஒரு சிப்பாயும் ஒரு தச்சனும். போன வாரம் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அதிலிருந்து தினமும் நான் பஸ் இறங்கியதும் வண்டியை உதைத்துக்கொண்டே கேட்கிறார்:

“சேந்துட்டானுவளா?”

இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது.