ஜான் மோட்சன் எப்படி பிபிசியின் கால்பந்துக் குரலானார்?

இந்த ஆட்ட வர்ணனையாளர் தொடங்கியது பத்திரிகை நிருபராக. பிறகு வானொலி, 1971-ல் ‘மேட்ச் ஆஃப் தி டே’ டிவி நிகழ்ச்சி. புதுசு என்பதால் பெரிய ஆட்டங்கள் கைக்கு வரவில்லை.

1972 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில், முதலில் டிராவான ஒரு மோதலின் மறு ஆட்டம். அப்போதைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய நியூகாசிலோடு மோதியது, தேசிய கால்பந்து லீக்கிலேயே இல்லாத சின்ன அணி ஹெரிஃபோர்ட். நியூகாசில் முன்னிலை. சேறும் சகதியுமான மைதானத்தில் ரோனி ராட்ஃபோர்ட் வெகு தூரத்திலிருந்து ஓங்கி அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டார்கள்! கூடுதல் நேரத்தில் 2-1, ஹெரிஃபோர்ட் வெற்றி. மைக்கில் வர்ணனை செய்தவர் மோட்சன். அந்த ஆட்டம்தான் அவரைக் கவனிக்க வைத்தது.

அதிர்ஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2018 வரை தாக்குப்பிடிக்க அது மட்டும் போதாதே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்களின் விவரங்களைக் கைப்பட எழுதித் தயாராவார். புள்ளிவிவரம் கொஞ்சம் ஓவர் என்று கிண்டலடித்தவர்களும் உண்டு. எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.