நிரலாளர் சட்ட வரைவைப் படித்தபோது: கேள்வி பதில்

லினக்ஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் சட்டங்களை ஆராய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கே: நிரல் எழுதிக்கொண்டிருந்தவர் சட்டப் பக்கம் போனது எப்படி?

ப: 2021 டிசம்பரில், எண்ணற்ற மென்பொருள்களுக்குள் இருக்கும் 'லாக்4ஜே' என்ற இலவச நிரல் தொகுப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. உலகமே பதறியது, அதை அடைத்தவர்களோ சில தன்னார்வலர்கள். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் மென்பொருளையும் டிஜிட்டல் பொருள்களையும் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்லும் 'சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்' என்ற சட்டத்தின் வரைவை வெளியிட்டது. படித்ததும் திக்கென்றது.

கே: அப்படி என்ன இருந்தது அதில்?

ப: வணிக நோக்கமில்லாத திறமூல மென்பொருளுக்கு (யாரும் நிரலைப் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தலாம்) விலக்கு உண்டு என்று இருந்தது. நல்ல விஷயம்தானே? ஆனால் எது வணிகம்? தொழில்நுட்ப உதவிக்குக் கட்டணம் வாங்கினாலே வணிகமாகிவிடலாம் என்கிற தொனி. அப்படியானால் சப்போர்ட் வேலையில் நாலு காசு பார்ப்பவரும், பெரிய கம்பெனியும் ஒரே தராசில். அபராதமோ 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 சதவீதம் வரை போகும். 2023 ஏப்ரலில் பைத்தான் நிரல்மொழியைப் பராமரிக்கும் அறக்கட்டளை வெளிப்படையாகவே கவலை தெரிவித்தது. வரைவை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணமில்லை. எந்த மென்பொருளுக்கும் பின்னால் ஒரு கம்பெனி இருக்கும் என்றே நினைத்துவிட்டார்கள். கடைசியில் இப்படித் திறமூல மென்பொருளைப் பராமரிக்கும் அறக்கட்டளைகளுக்கென்று 'ஸ்டூவர்ட்' (பராமரிப்பாளர்) என்ற தனி வகை வந்தது. கடமைகள் குறைவு, அபராதம் கிடையாது. 2024 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கே: ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன லைப்ரரியை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பராமரிக்கிறேன். ஒரு ஜெர்மன் கம்பெனி அதைப் பயன்படுத்துகிறது. மாட்டிக்கொள்வேனா?

ப: அதை வைத்து நீங்கள் சம்பாதிக்காதவரை இல்லை. தங்கள் பொருளில் சேர்த்து விற்கும் அவர்கள்தான் சோதிக்க வேண்டும். ஓட்டை கண்டால் உங்களிடம் சொல்ல வேண்டும். திருத்தம் எழுதியிருந்தால் அதையும் தர வேண்டும். 2027 டிசம்பர் 11 முதல் சட்டம் முழுமையாக அமலாகும். அதற்குள் கம்பெனிகளிடமிருந்து, உங்கள் நிரலின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் நீளமான படிவங்கள் மெயிலில் வரலாம். ஓசியில் நிரப்பித் தராதீர்கள்.

கே: இந்த வேலைக்குச் சட்டப் படிப்பு வேண்டுமா?

ப: நான் படிக்கவில்லை. வரையறைப் பிரிவை முதலில் படியுங்கள், போதும்.

கே: யாரோடு பேசுவது கஷ்டம், அதிகாரிகளா, நிரலாளர்களா?

ப: சந்தேகமே வேண்டாம், நம்மாட்கள்தான். "அரசாங்கம் தலையிடாமல் இருந்தாலே போதும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அதிகாரிகள் பொறுமையாகக் கேட்பார்கள். ஆனால் "உங்கள் சார்பில் கையெழுத்துப் போடுவது யார்?" என்பார்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.