மகன் நன்றாகத்தான் இருக்கிறான், அதை நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன்பு பல மாதங்கள் அவனிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருக்கிறார். போன மாதம்தான் என்னிடம் சொன்னான். புகார் கொடுத்துவிட்டோம், அந்த ஆள் இனி அவன் பக்கமே வர முடியாது. பையன் பள்ளிக்குப் போகிறான், விளையாடுகிறான், சாப்பிடுகிறான். ஆனால் இணையத்தில் இதன் பின்விளைவுகளைப் படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது. மனச்சோர்வு, போதை, தற்கொலை என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட பையன்கள் பிற்காலத்தில் அதையே மற்றவர்களுக்குச் செய்வார்கள் என்றும் படித்தேன். என் கணவரோ, "ஆம்பளைப் பையன், தானா மறந்துடுவான், கிளறாதே" என்கிறார். கவுன்சலிங்குக்கு அழைத்துப் போவதா, விட்டுவிடுவதா?

பதில்: உங்களைத் தூங்கவிடாத விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். பாதிக்கப்பட்ட பையன் வளர்ந்ததும் அதையே செய்வான் என்ற பேச்சு பெரும்பாலும் தப்பான திசையிலிருந்து பார்த்ததால் வந்தது. பாலியல் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்களிடம் "சிறு வயதில் உங்களுக்கு இப்படி நடந்ததா?" என்று கேட்டார்கள். கணிசமானவர்கள் ஆமாம் என்றார்கள். ஆனால் சிறு வயதில் பாதிக்கப்பட்டு, யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிப் போன ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2003-ல் வந்த ஓர் ஆய்வு, பாதிக்கப்பட்டு லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குச் சிறு வயதில் வந்த 224 ஆண்களின் பிற்காலத்தைப் பதிவேடுகள் வழியே தேடிப் பார்த்தது. பாலியல் குற்றம் செய்ததாகத் தெரியவந்தவர்கள் 26 பேர். மற்ற 198 பேர் மீது அப்படி எந்தப் பதிவும் இல்லை. அந்த 26 பேரின் பின்னணியில் அதிகம் தென்பட்டவை கவனிப்பாரில்லாத குழந்தைப் பருவம், மேற்பார்வை இல்லாத வீடு, வீட்டுக்குள் கண்ணெதிரே நடந்த அடிதடி. அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2015-ல் வந்தது. அதில் பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகள் பின்னாளில் பாலியல் குற்றத்துக்காகக் கைதாவது, ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட மற்றவர்களைவிடப் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இல்லை. உடல்ரீதியாக அடிபட்டவர்களிடமும் புறக்கணிக்கப்பட்டவர்களிடமும்தான் அது கூடியிருந்தது.

இந்த எண்களை உங்கள் மகனிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் படித்ததை அவனும் எங்காவது படித்திருக்கலாம். "நானும் அப்படி ஆகிவிடுவேனோ" என்ற பயத்தை வெளியே சொல்லாமல் சுமக்கும் பையன்கள் உண்டு. அவன் கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சரி, மற்ற பின்விளைவுகள்? அவற்றை யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்தத் துறையின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. 559 ஆய்வுகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல். பாதிக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால், சிறு வயதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் சுமார் 2.7 மடங்கு, பி.டி.எஸ்.டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் 2.3 மடங்கு, போதைப் பழக்கம் 1.7 மடங்கு என்று அதில் வருகிறது. இரட்டையர்களில் ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்ட ஜோடிகளை ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்ந்தும் பாதிக்கப்பட்டவருக்கே பிரச்சினைகள் அதிகம். அதனால் "எல்லாம் குடும்பச் சூழல்தான், அந்தச் சம்பவம் இல்லை" என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த "மடங்கு" என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, பாதிக்கப்படாத நூறு பேரில் பத்துப் பேருக்கு மனச்சோர்வு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரையில் உள்ள 2.7-ஐ அதில் போட்டுப் பார்த்தால், பாதிக்கப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய 23 பேர் என்று வரும். அந்த 2.7 என்பது வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதத்தை ஒப்பிடும் எண், அதனால் நேராக 27 என்று வராது. 23 என்பது நிச்சயம் அதிகம்தான். மீதி 77 பேருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. தலைப்புச் செய்தி இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறானே, அது நிஜமா? நிஜமாகவே இருக்கலாம். 1993-ல் ஃபிங்கல்ஹோர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 45 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் எந்த அறிகுறியும் தென்படவில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் தவறாமல் தெரியும் அறிகுறி என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே "அழவில்லையே, அப்படியானால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது" என்று யாராவது சொன்னால் அதற்கு அடிப்படை கிடையாது. "சிரிக்கிறானே, உள்ளே அழுத்தி வைத்திருக்கிறான்" என்று அவசரமாக முடிவு கட்டவும் அடிப்படை கிடையாது. அறிகுறி இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் தேறினார்கள். பத்திலிருந்து 24 சதவீதம் பேர் நாளாக நாளாக மோசமானார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்காகத்தான் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம்.

யார் தேறுகிறார்கள், யார் மோசமாகிறார்கள் என்பதில் பல விஷயங்கள் இருக்கின்றன. எவ்வளவு காலம் நடந்தது, பலவந்தம் இருந்ததா, செய்தவர் எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் முடிந்துபோனவை, இனி நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதில் திரும்பத் திரும்ப ஆய்வுகளில் தலைகாட்டுவது ஒன்றுதான்: பிள்ளை சொன்ன பிறகு, கூட இருக்கும் பெற்றோர் நம்பினாரா, பக்கத்தில் நின்றாரா என்பது. பாதிக்கப்பட்டவர்களிடம் பிற்காலத்தில் கேட்ட ஆய்வுகளில், குழந்தைப் பருவத்திலேயே யாரிடமாவது சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் மகன் இரண்டு வருடம் தாமதித்தது சந்தேகத்துக்குரியது அல்ல, வழக்கமானது. சொல்லப்போனால் சீக்கிரமே சொல்லியிருக்கிறான். அதேபோல, உறுதிசெய்யப்பட்ட 257 வழக்குகளை ஆராய்ந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில் சுமார் 23 சதவீதப் பிள்ளைகள் சொன்னதைப் பின்னால் மறுத்தார்கள். வீட்டுப் பெரியவரின் ஆதரவு இல்லாத பிள்ளைகளும், பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தவரே செய்திருந்த பிள்ளைகளும்தான் அதில் அதிகம். நாளைக்கு அவன் "நான் சும்மா சொன்னேன், விட்டுடுங்க" என்றால், யாராவது அவனை அழுத்துகிறார்களா என்றுதான் முதலில் பாருங்கள்.

உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். அவருக்குச் சாதகமாகத் தெரியும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. டனேசே, விடோம் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டது. சிறு வயதில் கொடுமைக்கு ஆளானதாக நீதிமன்றப் பதிவு இருந்தும், வளர்ந்த பிறகு அதை நினைவுகூராதவர்களிடம் மனநலச் சிக்கல் மிகக் குறைவாகவே கூடியிருந்தது. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடந்ததாக நினைவு வைத்திருந்தவர்களிடம்தான் அதிகம். இதைக் கேட்டதும் "பார்த்தாயா, மறந்தால் சரியாகிவிடும்" என்று தோன்றும். அப்படி இல்லை. மனம் நொந்திருப்பவர்களுக்குப் பழைய கசப்பு அதிகம் நினைவுக்கு வரும் என்பதும் இந்த முடிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். தவிர, உங்கள் மகன் மறக்கவில்லை. வாய் திறந்து சொல்லியே விட்டான். மறக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தினால் அவன் பேசுவதை மட்டும் நிறுத்துவான். அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. நடந்ததை ஒருவர் எப்படிச் சுமக்கிறார், அதற்கு என்ன அர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது முக்கியம். நல்ல சிகிச்சை வேலை செய்வதும் அந்த இடத்தில்தான்.

இருந்தாலும் "கிளறாதே" என்பதில் பாதி உண்மை உண்டு. என்ன நடந்தது, எத்தனை தடவை, ஏன் கத்தவில்லை என்று வீட்டில் துருவிக் கேட்காதீர்கள். "ஏன் கத்தவில்லை" என்ற கேள்வி ஒரு குற்றச்சாட்டாகவே அவன் காதில் விழும். வழக்கு நடப்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் விதம் அவன் சொல்வதை மாற்றிவிட்டதாக எதிர்த்தரப்பு சொல்லலாம். விவரம் கேட்பது பயிற்சி பெற்ற விசாரணையாளரின் வேலை. அவனாகப் பேசினால் குறுக்கே விழாமல் கேளுங்கள், அவ்வளவு போதும். அதிர்ச்சியான சம்பவத்தை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதலும் வேண்டாம் என்றே சொல்கிறது.

அப்படியானால் கவுன்சலிங்? ஒரு முறை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். மதிப்பீடு என்றால் மாதக்கணக்கில் சிகிச்சை என்று அர்த்தமில்லை. பிள்ளைகளுக்கான மனநல நிபுணர் ஒருவர் தூக்கம், பயம், தன்னைப் பற்றிய எண்ணம், தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் முறையாகக் கேட்டுப் பார்ப்பார். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை, அப்படி நடப்பதில்லை. குறிப்பிடும்படி ஒன்றும் இல்லையென்றால் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிடலாம். நடுவில் கெட்ட கனவு, திடீர்க் கோபம், சில இடங்களையோ ஆட்களையோ விடாமல் தவிர்ப்பது, படிப்பில் சரிவு, நண்பர்களை விட்டு ஒதுங்குவது போன்றவை சில வாரங்கள் நீடித்தால் காத்திருக்காதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அறிகுறிகள் இருந்தால், அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சாதாரணமாக 12 முதல் 16 அமர்வுகள். பாலியல் வன்முறைக்கு ஆளாகி பி.டி.எஸ்.டி அறிகுறிகளோடு இருந்த 8 முதல் 14 வயது வரையிலான 229 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2004-ல் வந்தது. வெறும் ஆதரவான பேச்சைவிட இந்த முறை நன்றாக வேலை செய்தது. அதில் பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு, அவர்களின் மனச்சோர்வும் குறைந்தது. நிபுணரைத் தேடும்போது "இந்தச் சிகிச்சையில் பயிற்சி இருக்கிறதா, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சலித்துக்கொள்கிறவரிடம் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அவன் வர மறுத்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இதுவரை எதையும் முடிவுசெய்யும் உரிமை அவனுக்கு இல்லாமல் போனதுதானே பிரச்சினை. எந்த நாள், நீங்கள் உள்ளே வருவதா வெளியே இருப்பதா, நிபுணர் ஆணா பெண்ணா என்பதையெல்லாம் அவன் தேர்ந்தெடுக்கட்டும். "ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம், பிடிக்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம்" என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் வருவார்கள்.

உடல் பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இது தெரிந்திருக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம் என்று அனுப்பப்பட்ட 2,384 பிள்ளைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலில் வித்தியாசமாக ஒன்றும் இல்லை. "மருத்துவ அறிக்கையில் ஒன்றும் இல்லை" என்பது எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சான்று அல்ல. தொற்றுப் பரிசோதனைக்காகவும், தன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனே ஒரு மருத்துவர் வாயால் கேட்பதற்காகவும் அது தேவை.

பையன்களிடம் இன்னொரு சங்கடமும் இருக்கும். அந்த நேரத்தில் உடம்பு தானாக ஏதாவது எதிர்வினை காட்டியிருந்தால், "எனக்கும் பிடித்திருந்ததோ, நான் எப்படிப்பட்டவன்" என்று உள்ளுக்குள் குழம்புவார்கள். உடம்பின் அனிச்சைச் செயல் சம்மதம் ஆகாது. ஒருவருடைய பாலியல் ஈர்ப்பு எப்படிப்பட்டது என்பதையும் அது காட்டுவதில்லை. இதை அவனிடம் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்பா சொன்னால் இன்னும் நல்லது. உங்கள் கணவர் பேசத் தயங்குகிறார் என்றால், அக்கறை இல்லாததால் என்று நான் நினைக்கவில்லை. காப்பாற்ற முடியவில்லையே என்ற தவிப்பு பல அப்பாக்களுக்கு இப்படித்தான் வெளியே வருகிறது. முதல் சந்திப்புக்கு அவரும் வரட்டும். பையன் இல்லாமல் நீங்கள் இருவரும் மட்டும் நிபுணரை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகு அவனை அழைத்துப் போனாலும் சரிதான்.