ஆழாக்கில் அளந்தாலும் 23 பகா எண்தானா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், கணினி அறிவியல் வீட்டுப்பாடத்தில் 23ஐ எட்டு அடிமானத்துக்கு மாற்றி 27 என்று எழுதியிருந்தாள். எங்கள் வண்டி டி.என். 23 என்பதால் அந்த எண் மனதில் பதிந்தது. 23 பகா எண். ஆனால் 27 மூன்றால் வகுபடுகிறதே! அடிமானத்தை மாற்றினால் பகா எண் பகு எண்ணாகிவிடுமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

ஆகாது. மகள் போட்ட கணக்கு சரி, நீங்கள் அதைப் படித்த விதத்தில்தான் சிக்கல். 'இருபத்தேழு' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு 'பத்து' உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாகக் கட்டி எண்ணும் எட்டு அடிமானத்தில் அதை 'இரண்டு ஏழு' என்றுதான் படிக்க வேண்டும்.

வீட்டுப் பரணில் பழைய படி இருந்தால் இறக்குங்கள். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே எட்டு அடிமானத்தில்தான் அரிசி அளந்தார்கள். 23 ஆழாக்கு அரிசியைப் படியால் அளந்தால் 2 படி, மிச்சம் 7 ஆழாக்கு. அதுதான் அந்த 27. அளக்கும் பாத்திரம் மாறியதே தவிர அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை முழு ஆழாக்குகளாக மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 7 போக 2 மிஞ்சும்.

அப்படியானால் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுக்கும் நம் பள்ளிக்கூடத்து வழி? அது எல்லா அடிமானத்துக்கும் பொருந்தாது. பத்தில் ஒன்று குறைந்தால் 9 என்பதால் அங்கே 3க்கும் 9க்கும் பலிக்கிறது. எட்டில் ஒன்று குறைந்தால் 7. அதனால் எட்டு அடிமானத்தில் இலக்கக் கூட்டல் ஏழுக்கான சோதனை. மூன்றுக்கு, இலக்கங்களை வலப்பக்கமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 27ல் 7 − 2 = 5, மூன்றால் வகுபடாது. 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு அடிமானத்தில் அது 25. கூட்டினால் 7, கழித்தால் 3. இரண்டு சோதனையிலும் மாட்டிக்கொள்கிறது, மூவேழு இருபத்தொன்று அல்லவா!

ஒரு எண் பகா எண்ணா என்பது எழுத்தைப் பொறுத்ததல்ல. ஆனால் பார்த்ததும் கழித்துக்கட்ட எது வசதி என்பது அடிமானத்தைப் பொறுத்ததுதான். எட்டு அடிமானம் இதற்கு அவ்வளவு உதவாது. கூட்டல் கழித்தல் இல்லாமல் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால், எண் இரட்டைப்படையா என்பதற்கு மேல் வேறு பகா எண்ணால் வகுபடுமா என்று அது காட்டிக்கொடுக்காது. எனக்குப் பிடித்தது ஆறு அடிமானம். அங்கே 2, 3 தவிர எல்லாப் பகா எண்களும் 1 அல்லது 5ல்தான் முடியும். 23 அங்கே 35. ஆனால் 1, 5ல் முடிவதெல்லாம் பகா எண் என்று நம்பிவிடாதீர்கள். 25ம் அங்கே 41 என்று நல்ல பிள்ளை மாதிரி நிற்கும்.

0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் இருநிலை முறையில் இன்னொரு வேடிக்கை. வெறும் ஒன்றுகளால் ஆன எண் பகா எண்ணாக வேண்டுமென்றால், ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண்ணில் 13,62,79,841 ஒன்றுகள். எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. பதினொரு ஒன்றுகள் சேர்ந்தால் 2047, அதை உடைப்பது உங்கள் வண்டியின் 23தான்: 23 × 89. மகளிடம் 10111ஐயும் 1011001ஐயும் இருநிலையிலேயே பெருக்கச் சொல்லுங்கள். பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நிற்கும்.