‘ஸ்டார் பெர்ஃபார்மர்’ பையனுக்குச் சம்பளம் மட்டும் ஏறவில்லை

விருதுநகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பையன் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் பேக் ஆபீஸில் வேலை பார்க்கிறான். சேர்ந்தபோது 18,000, இரண்டு வருடம் கழித்தும் அதேதான். ஆனால் ‘ஸ்டார் பெர்ஃபார்மர்’ சான்றிதழ் மூன்று வந்தாயிற்று, இப்போது டீம் லீடர் பொறுப்பும் தலையில் ஏறியிருக்கிறது. “பேரும் மரியாதையும் இருக்கிற இடம், விட்டுடாதே, வேலையோடு எம்.பி.ஏ. படி” என்கிறாராம் பெரியப்பா.

அம்மா, நீங்கள் கவலைப்படுவது சரிதான். பாராட்டு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை, மதிக்காத இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் ஆள் தங்க மாட்டான். ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வர வேண்டும். பி.எஃப். பிடிப்பது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், கிராஜுவிட்டி கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து, கடன் கேட்டுப் போனால் வங்கியில் பார்ப்பது பே ஸ்லிப்பை. இதில் எங்கேயும் கைதட்டலுக்கு ஒரு வரி கிடையாது. அடுத்த கம்பெனியிலும் “இப்போ எவ்வளவு வாங்குறீங்க?” என்று கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத்தான் தருவார்கள். இன்று விட்டுக்கொடுப்பது அங்கேயும் கூட வரும்.

டீம் லீடர் வேலை வாங்குகிறார்கள் என்றால் அந்தப் பதவியும் அதற்கான சம்பளமும் கடிதத்தில் வரட்டும். மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். ‘அடுத்த அப்ரைசலில் பார்க்கலாம்’ என்று வாயால் மட்டும் சொன்னால், ‘தர மாட்டோம்’ என்பதுதான் பதில்.

எம்.பி.ஏ.வா? கடன் வாங்கி, பெயர் தெரியாத கல்லூரியில், பையனுக்கே மனசில்லாமல், வேண்டவே வேண்டாம். பெரியப்பா இ.எம்.ஐ. கட்டப்போவதில்லை.

கல்லூரியில் பாலிமர் பாடம், அதாவது பிளாஸ்டிக் மாதிரிப் பொருட்களின் வேதியியல், என்றால் அவனுக்கு உயிர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். கிண்டியில் சிபெட் (CIPET) இருக்கிறது, பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தர 1968-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அறிவியல் பட்டதாரிகளுக்கு அங்கே பிளாஸ்டிக்ஸ் புராசஸிங் அண்ட் டெஸ்டிங்கில் 2 வருட முதுநிலை டிப்ளமா உண்டு. என்னிடம் வரும் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதே இல்லை! பிளாஸ்டிக் குருணையை உருக்கி, மோல்ட் என்கிற அச்சுக்குள் செலுத்திப் பாகம் செய்கிற இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் நைலான் குருணையைச் சரியாகக் காயவைக்காமல் போட்டால் பாகத்தின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும். அச்சு நிரம்பிய பிறகும் கொடுக்கிற அழுத்தம், அதாவது ஹோல்டிங் பிரஷர், பத்தாவிட்டால் தடித்த இடத்தில் குழி விழும், சிங்க் மார்க் என்பார்கள். கோளாறு குருணையிலா, மெஷினிலா, மோல்டிலா என்று கண்டுபிடிக்க வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனிகளில் இது அன்றாடத் தலைவலி.

ஆரம்பச் சம்பளம் பிரமாதமாக இருக்காது. ஷிஃப்ட் உண்டு, சூடு உண்டு. ஆனால் ரிஜெக்‌ஷனைக் (கோளாறால் கழிபடும் பாகங்களை) குறைக்கத் தெரிந்தவனை வேறு கம்பெனி கூப்பிட்டால், சான்றிதழைக் கொடுத்து அவனை நிறுத்திவைக்க முடியாது, சம்பளத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

சேர்க்கை நுழைவுத்தேர்வு மூலம்தான். இடம் உறுதியான பிறகு ராஜினாமா செய்யட்டும், நோட்டீஸ் காலத்தை முடித்து ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிவிட வேண்டும். பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். முதலில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கிண்டிக்குப் போய் விசாரித்து, முடிந்தால் மெஷின் ஓடுவதையும் பார்த்துவிட்டு வரட்டும். பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், வேறு யோசிப்போம்.