சிவப்பு ஸ்வெட்டர் போட்டுப் போன என் இரண்டாம் வகுப்பு மகளை கான்வென்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊட்டிக் குளிருக்கு சீருடைக்குள் தெர்மல் (உடலோடு ஒட்டிய கதகதப்பான உள்ளாடை) போடலாமா?

போடலாம். சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் வகுப்பு மகளைத் திருப்பி அனுப்பினார்கள் என்றீர்களே, அதற்கு ஸ்வெட்டரின் நிறம்தான் காரணமாக இருக்கும். கான்வென்ட்களில் பெரும்பாலும் வெளியே தெரிவதைத்தான் பார்ப்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி உறைபனியில் ஒரு ஸ்வெட்டர் போதாது என்பது சிஸ்டர்களுக்குத் தெரியாதா என்ன!

தெர்மலை வெள்ளையில், கழுத்து இறங்கியதாக வாங்குங்கள். காலர் பட்டனைப் போட்டுவிட்டு, கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டில் எட்டிப் பார்த்தால் உள்பக்கமாக மடித்துத் தையுங்கள்.

வெயில் ஏறியதும் பி.டி. பீரியடில் வியர்க்கும், அதனால் மெல்லியதே போதும். குல்லா, மஃப்ளர் வேறு விஷயம். அவற்றுக்கு டைரியில் சீருடை விதியைப் பாருங்கள், இல்லையென்றால் வகுப்பு டீச்சருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.